மேகத்துக்கும் மலைக்கும் நடுவே ஒரு நேர்கோடு

செங்கோட்டைக்குச் சற்று வடக்கே, 9 பாகை அட்சரேகையும் 77 பாகை 15 கலை தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபட வரிசையில் நான்கு தாள்கள் சந்திக்கும் முனை அது. 58 ஜி/4, 58 ஜி/8, 58 எச்/1, 58 எச்/5 என்பன அத்தாள்களின் எண்கள். தென்காசியும் குற்றாலமும் கடைசித் தாளில் அடங்குகின்றன. அருவி விழும் இடம் அந்தத் தாளில் இருக்க, அதன் பின்னால் எழும் மலையின் மேற்குப் பகுதி பக்கத்துத் தாளுக்குப் போய்விடுகிறது. குற்றால மலையை முழுதாகப் பார்க்க விரும்புகிறவர் இரண்டு தாள்களையாவது ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய தாளின் விளிம்பில் அளவை செய்த ஆண்டு இருக்கும். தலைமை நில அளவையரின் பெயரும் இருக்கும். மலையின் மேலே விமானத்தை ஒரே உயரத்தில், ஒரே திசையில், காற்றோடு மல்லுக்கட்டி ஓட்டிச் சென்றவரின் பெயர் இராது. வான்வழி அளவையின் வரலாற்றை எழுதியவர்கள் கேமராவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், வில்லைகளைப் பற்றி இன்னும் நிறைய. ஓட்டியவர்களைப் பற்றிச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தரையிலிருந்து அளந்த காலத்திலும் இதே கதைதான். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள தியோடலைட்டைச் சுமந்துகொண்டு அவருடைய அணி தெற்கே இறங்கியது. மலை இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்கு முக்கோண அளவையின் முனைகளாயின. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சேதமடைந்ததும், லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே அதைச் சீர்செய்ததும் பலரும் அறிந்த செய்தி. அந்தக் கயிற்றைப் பிடித்திருந்த கலாசிகள் யார் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை. 1809-ல் அளவை குமரிமுனைப் பகுதியை எட்டியது.

அடுத்து வந்தவர்கள் வார்டும் கானரும். இவ்விரு லெப்டினன்ட்களும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளந்தார்கள். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது (1956 நவம்பர் முதல் நாளில்தான் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது). ஆகவே கணவாயின் இரு வாசல்களும் அவர்களுடைய அளவைக்குள் வந்தன. மலைத்தொடரின் உள்ளே போன அளவைக் குழுக்களுக்கு அக்காலத்தில் புலியைக் காட்டிலும் காட்டுக் காய்ச்சலே பெரிய அச்சம். ஒரு மேட்டை அளக்க அதில் ஏறியாக வேண்டும். ஏறியவர்களில் சிலர் காய்ச்சலோடு இறங்கினார்கள், சிலர் இறங்கவே இல்லை.

இவர்களுக்கெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே குற்றால மலையின் வளத்தை ஒரு குறத்தி வாயால் பட்டியலிட்டவர் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சிக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர் வழங்குகிறது. மலையைச் சொல்லால் அளந்தவருக்குக் கூலியாக மண் கிடைத்த நிகழ்ச்சி நம் நாட்டு நில அளவை வரலாற்றில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

விமானம் வரைபடத்துக்குள் நுழைந்தது போரின் வழியாக. முதல் உலகப் போரில் பாலஸ்தீனப் போர்முனையின் வரைபடங்கள் பழையவையாகவும் பிழை மலிந்தவையாகவும் இருந்தன. 1918 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பறக்கும் படையின் முதலாம் படைப்பிரிவைச் சேர்ந்த ஐந்து இளம் விமானிகள் துருக்கியப் படைகளுக்குப் பின்னால் 624 சதுர மைல் நிலப்பரப்பைப் படம்பிடித்தார்கள். அந்த முனையில் படப்பணியை நெறிப்படுத்தியவர்களில் ஒருவரான ஹாம்ஷா தாமஸ் அமைதிக் காலத்தில் தொல்தாவரவியல் அறிஞர். கல்லில் பதிந்த இலைகளைப் படித்துப் பழகிய கண்கள் அவருடையவை. பதுங்குகுழிகளின் நிழலைப் படிப்பதற்கு அந்தப் பழக்கம் உதவியிருக்க வேண்டும்.

போர் முடிந்ததும் வேலையற்ற விமானிகளும் மலிவான விமானங்களும் மிஞ்சினார்கள், மிஞ்சின. மேளாக்களில் சாகசம் காட்டுவது ஒரு பிழைப்பாயிற்று. அளவைப் பணி இன்னொன்று. கனடாவின் காடுகள், மன்ஹாட்டன் தீவு (1921-ல் ஷெர்மன் ஃபேர்சைல்டின் கேமரா அதைப் படமாக்கியது) என வேலை பெருகியது. நம் பக்கத்தில் அது முதலில் வந்த இடம் பர்மா. 1924-ல், ஷார்ட் சகோதரர்கள் நிறுவனத்தில் சோதனை விமானியாக இருந்த ரொனால்டு கெம்ப், ஐராவதி டெல்டாவின் காடுகளை வானிலிருந்து படமெடுக்கும் பணியை எடுத்தார். ஓதம் ஏறி இறங்கும் சேற்றுக் காடு அது. நடந்து போய் மரம் எண்ண முடியாது. படகில் போனாலும் கரையோர மரங்களே தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் மர வகைகள் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அழுத்தங்களாகப் பிரிந்து நின்றன. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டு எழுதி வைத்தவர் சி. டபிள்யூ. ஸ்காட் என்ற வன அதிகாரி. அன்றைக்கு பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே இந்தியாவின் முதல் பெரிய வான்வழி அளவைகளில் ஒன்றாக இதைச் சொல்வதில் தவறில்லை. பின்னர் கல்கத்தாவை அடுத்த டம்டம்மை மையமாகக் கொண்டு இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது.

1933-ல் எவரெஸ்டின் மேல் முதன்முதலாக விமானங்கள் பறந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயணத்துக்குச் சொல்லப்பட்ட நோக்கங்களில் ஒன்று அளவைப் படம் என்பதும், ஏப்ரல் 3-ஆம் தேதிப் பயணத்தில் அதுவே கைகூடவில்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிகரம் தெளிவாக இருந்தது. கீழே சமவெளியிலிருந்து எழுந்த தூசுப்புகை தரையை மறைத்துவிட்டது. தரையில் தெரிந்த புள்ளிகளோடு இணைக்க முடியாத படம் அளவைக்குப் பயன்படாது. ஏப்ரல் 19-ல் மறுபடியும் போனார்கள். உயரத்தை வெல்வது ஒரு வேலை, அளப்பது வேறு வேலை என்பதை எவரெஸ்ட் அவர்களுக்குக் காட்டியது.

அந்த வேறு வேலை எத்தகையது என்பதைக் குற்றாலத்தின் மேல் வைத்தே பார்க்கலாம். கொஞ்சம் கணக்கு வரும்; வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

வான்வழி அளவைக் கேமராவின் படச்சட்டம் 23 செ.மீ. சதுரம். பெருவழக்கான வில்லையின் குவியத் தொலைவு 152 மி.மீ. 1:25,000 அளவில் படம் வேண்டுமென்றால் விமானம் தரைக்கு மேல் 3,800 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். அந்த உயரத்தில் ஒரு படம் 5.75 கி.மீ. பக்கமுள்ள சதுர நிலத்தைப் பிடிக்கும். ஆனால் ஒரு படம் போதாது. ஒரே இடம் இரண்டு கோணங்களில் இரண்டு படங்களில் வந்தால்தான் ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும்போது மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். அதற்காக அடுத்தடுத்த படங்கள் 60 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று கவிய வேண்டும். அதாவது 2.3 கி.மீ.க்கு ஒரு படம். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்துக்கு இது 41 விநாடிக்கு ஒரு சொடுக்கு. பக்கத்துக் கோட்டோடு 30 விழுக்காடு கவிவு வைத்தால் கோடுகளுக்கிடையே 4 கி.மீ. உழவன் சால் ஓட்டுவது போலப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி வர வேண்டும்.

இது தென்காசிச் சமவெளிக்குச் சரி. தெற்கே அகத்தியமலைக்குப் போங்கள். அதன் உச்சி 1,860 மீட்டருக்கு மேல். சமவெளியில் 3,800 மீட்டர் இடைவெளியோடு பறந்த விமானத்துக்கும் உச்சிக்கும் இடையே இப்போது 2,100 மீட்டருக்கும் குறைவு. படம் பிடிக்கும் அகலம் 3.1 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 60 விழுக்காடு கவிவு கால் பங்காகிறது; 4 கி.மீ. இடைவெளியில் ஓடிய கோடுகளுக்கு நடுவே சிகரத்தின் ஒரு பகுதி எந்தப் படத்திலும் விழாமல் நழுவிப்போகும். ஆகவே மலைமேல் கோடுகளை நெருக்க வேண்டும், அல்லது இன்னும் மேலே ஏற வேண்டும். எங்கே நெருக்குவது என்பதைத் தீர்மானிக்க மலையின் உயரம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கையிலிருந்தது அடியால் நடந்து அளந்தவர்களின் பழைய வரைபடம்தான்.

பிறகு காற்று. செங்கோட்டைக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஒரு புனல். இன்று தென்காசி, கடையநல்லூர் பக்கங்களில் நிற்கும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. பக்கவாட்டில் 40 கி.மீ. வேகக் காற்று அடித்தால், 200 கி.மீ. வேக விமானம் தன் மூக்கைக் காற்றின் பக்கம் பதினொன்றரைப் பாகை திருப்பி வைத்துக்கொண்டு நண்டு போலச் சாய்வாக நகர வேண்டும். கேமராவையும் அதே அளவு எதிர்ப்புறம் திருப்பியாக வேண்டும். கோட்டிலிருந்து விலகிவிட்டால் சட்டென்று இறக்கையைச் சாய்த்துத் திரும்ப முடியாது. சாய்ந்த கணத்தில் எடுத்த படம் சாய்ந்த படம். மூன்று பாகைக்கு மேல் சாய்வு போனால் அளவைக்கு உதவாது. கோட்டை விட்டுவிட்டுச் சுற்றி வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவதே வழி. செயற்கைக்கோள் வழிகாட்டி வருவதற்கு முன்பு இதையெல்லாம் கண்ணால் செய்தார்கள்: குளங்களைப் பார்த்து, 1904-ல் திறந்த கொல்லம் ரயில் பாதையைப் பார்த்து, கோபுரத்தைப் பார்த்து. (தென்காசிக் கோபுரம் நெடுங்காலம் மொட்டையாக நின்று 1990-ல்தான் மறுபடி எழுந்தது, அதன் அடிப்பகுதி மட்டுமே வானிலிருந்து தெரிந்த தலைமுறைகள் உண்டு.)

எல்லாவற்றுக்கும் மேலாக மேகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். நாம் குற்றாலத்துக்கு ஓடும் மாதங்கள் அளவை விமானத்துக்கு உதவாத மாதங்கள். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவம். மிச்சமிருப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அதிலும் காலையில் கிழக்குச் சரிவு வெயிலில் குளிக்கும்போது மேற்குப் பள்ளத்தாக்குகள் மலையின் நிழலில் கிடக்கும். வெயில் உச்சிக்கு ஏறி நிழல் சுருங்கும் நேரத்தில் மலைமுகட்டில் மேகம் கட்டத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஓரிரு மணி நேரத்துக்காக விமானமும் ஆட்களும் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மேலை நாடுகளில் இந்தக் காத்திருப்பையும் சலிப்பையும் புதிய விமானிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். விமானத் தொழிலில் ஒருவரின் தகுதி மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. உரிமம் வாங்கியும் சில நூறு மணி நேரமே பறந்தவரை லோ-டைம் பைலட் என்பார்கள். அமெரிக்காவில் வணிக விமானி உரிமம் 250 மணி நேரத்தில் கிடைக்கும். ஆனால் 2009-ல் பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பிறகு, 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று விதி வந்தது. நடுவிலுள்ள ஆயிரத்துச் சொச்சம் மணி நேரத்தை எங்கே போய்ப் பறப்பது? மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம், விளம்பரப் பதாகை இழுக்கலாம், அளவைக் கோடு ஓட்டலாம். ஒற்றை எஞ்சின் செஸ்னாவில், வானம் தெளிந்த நாளில் ஐந்தாறு மணி நேரம், நேர்கோட்டில். ஊதியம் சொற்பம், தங்குவது விடுதிகளில், அடுத்த வாரம் எந்த ஊர் என்பது தெரியாது. ஆனால் மணிகள் ஏறும். உயரத்தைப் பத்து இருபது மீட்டருக்குள் மணிக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கும் கை அங்கேதான் பழகும். கனிமம் தேடும் காந்த அளவையில் இன்னும் ஆபத்து உண்டு. அது தரையிலிருந்து நூறு மீட்டருக்குள் மேடுபள்ளத்தை ஒட்டிப் பறப்பது. அத்துறையின் விபத்துகளைப் பார்த்துவிட்டு, 1995-ல் நிறுவனங்கள் கூடிப் பாதுகாப்புக்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைத்தன.

இந்தியாவில் இந்தப் படி உருவாகவே இல்லை. காரணங்கள் வெளிப்படையானவை. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆம் விதி, பறக்கும் விமானத்திலிருந்து அனுமதியின்றிப் படமெடுப்பதைத் தடுத்தது. வெள்ளைக்காரன் போட்ட விதியைச் சுதந்திர அரசும் விரும்பியே வைத்துக்கொண்டது. அளவைக்கான வான்படங்களை எடுக்கும் உரிமை விமானப் படை, டம்டம்மின் ஏர் சர்வே கம்பெனி, பின்னாளில் 1974-ல் தோன்றிய தேசியத் தொலையுணர்வு முகமை என்ற மூன்று கைகளுக்குள் அடங்கியது. ஒவ்வொரு பணிக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். 1967-ல் வந்த கட்டுப்பாடுகள் எல்லையையும் கடற்கரையையும் ஒட்டிய 80 கி.மீ. பட்டையின் விரிவான வரைபடங்களையே பொதுமக்களிடமிருந்து விலக்கின. தென்காசி அரபிக்கடலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கி.மீ. ஆக, நாட்டின் எந்த எல்லைக்கும் சம்பந்தமில்லாத குற்றால அருவியும் தேச ரகசியங்களில் ஒன்றாயிற்று. அதே காலத்தில் லட்சக்கணக்கான மக்கள் அதன் கீழே எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்துடன் 1953-ல் தனியார் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. விமானிக்கு வேலை தரக்கூடியவை இரண்டு அரசுக் கழகங்களும் ஒருசில சிறு நிறுவனங்களும்தான் என்றாயிற்று. பயிருக்கு மருந்து தெளிக்கும் வேளாண் விமானப் பணி சிலருக்குக் கைகொடுத்தது. மற்றவர்கள் பறக்கும் கழகங்களில் பயிற்றுநராக ஒண்டிக்கொண்டார்கள். தொலையுணர்வு முகமையின் வசம் இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க விமானங்கள். பின்னாளில் வந்த இரட்டை எஞ்சின் சூப்பர் கிங் ஏர் விமானங்களை இருநூறு மணி நேரக்காரரிடம் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் அருமையான வேலைகள் நடந்தன என்பதை மறுக்க முடியாது. 1970-ஐ ஒட்டி, பி. ஆர். பிஷாரடி என்ற வானிலை இயற்பியலாளர் கேரளத்தின் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகாப்டரில் ஹாசல்பிளாடு கேமராவை ஏற்றினார். அகச்சிவப்பு ஒளியை உணரும் படச்சுருள் அதில் இருந்தது. நலமான ஓலை அகச்சிவப்பை அதிகம் எதிரொளிக்கும். படத்தில் அது செக்கச் சிவப்பாக விழும். வாடல் நோய் கண்ட மரத்தின் சிவப்பு மங்கும். தொலையுணர்வுத் துறை இந்தியாவில் பிறந்தது ராக்கெட் தளத்தில் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது தென்னை மரத்தின் மேலே பிறந்தது. அந்த நோய் கணவாய் தாண்டி இந்தப் பக்கத்து எல்லையோரத் தோப்புகளுக்கும் பின்னர் வந்து சேர்ந்தது.

இப்போதைய நிலைமையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் போதும். அமெரிக்காவின் 1,500 மணி நேர விதி இங்கே இல்லை. பணமும் காலமும் கூடிவந்தால் இருநூறு மணி நேரத்தோடு நேரே ஏர்பஸ்ஸின் வலப்புற இருக்கைக்குத் தாவிவிடலாம். கூடி வராவிட்டால் தரைதான். நடுவே நிற்க இடமில்லை. 2003-க்குப் பின் மலிவு விலை விமானங்கள் பெருகியபோது உரிமம் வாங்கியவர்கள் பறந்தார்கள். 2008-ன் பொருளாதாரச் சரிவிலும், 2012-ல் கிங்ஃபிஷரும் 2019-ல் ஜெட் ஏர்வேசும் நின்றபோதும், 2020-ன் பெருந்தொற்றிலும் அதே உரிமம் பெட்டிக்குள் கிடந்தது. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை விமானியாக்கிய குடும்பங்கள் நம் மாவட்டங்களிலும் உண்டு. பறக்காத விமானியின் மணிக்கணக்கு அப்படியே நிற்கும். ஆனால் மருத்துவச் சான்றும் தகுதிச் சோதனையும் காலாவதியாகிக்கொண்டே போகும். அதைப் புதுப்பிக்க மறுபடி பணம் வேண்டும். அளவை, மருந்து தெளிப்பு, காட்டுத் தீக் கண்காணிப்பு போன்ற சிறுவேலைகள் ஓரளவு இருந்திருந்தால் அந்த ஆண்டுகள் வீணாகியிரா என்றே நினைக்கிறேன். கதவை மூடி வைத்ததற்கு நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். எந்தத் தெருவையும் எவரும் கணினியில் பார்க்கலாம் என்ற காலம் வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காரணம் கொஞ்சமும் தேயவில்லை.

2005-ல் தேசிய வரைபடக் கொள்கை கதவைச் சிறிது திறந்தது. 2021 பிப்ரவரி 15-ல் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி அளவை செய்யலாம், வரைபடம் வெளியிடலாம் என்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் டிரோன் விதிகள் வந்தன. கிராமக் குடியிருப்பு நிலங்களை அளக்க 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம் முழுக்க டிரோனை நம்பியது. எண்பது ஆண்டுக் காலம் பூட்டியிருந்த அறையைத் திறந்தபோது உள்ளே விமானிக்கு இருக்கையே இல்லை. சில நாள் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர் வரப்பில் நின்றுகொண்டு அதே சாலை ஓட்டுகிறார்; கவிவு விழுக்காட்டைக் கருவி பார்த்துக்கொள்கிறது.

சமவெளிக்கு அது போதும். பொதுவாக டிரோனுக்கு அனுமதிக்கப்பட்ட உயரம் 120 மீட்டர், மின்கலம் தாங்குவதோ நிமிடக் கணக்கு. குற்றாலத்துக்கு மேற்கே, முகட்டைத் தாண்டிய பள்ளத்தாக்குகளை உயரத் துல்லியத்தோடு அளக்க வேண்டுமென்றால் இன்றும் ஆள் ஓட்டும் விமானம் வேண்டும். லேசர் அளவைக் கருவியைச் சுமந்த இரட்டை எஞ்சின் விமானமாக இருக்கும் அது. அதை ஓட்டப் பல ஆயிரம் மணி நேர அனுபவம் கேட்பார்கள். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே, மலைநிழல் சுருங்கி மேகம் கட்டுவதற்குள், அதுவும் ஓர் ஓரத்திலிருந்து தொடங்கிக் கோடு கோடாகப் போய்த் திரும்ப வேண்டியதுதான்.